‘காலமானார்’ என்றது திரை

எரிவாயுக் குழாய் போகும் பாதையில் நிலம் உள்ளவர்களிடம் கையொப்பம் வாங்குவது எங்கள் ஜார்ஜ்டவுன் அலுவலகத்தின் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புதிதாக வந்த கணினி சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு.

சுங்கை பாக்காப்பில் ஒரு நிலத்தின் உரிமையாளர் ‘காலமானார்’ என்று திரை காட்டியதால், வாரிசைத் தேடிப் போனேன். கதவைத் திறந்த பெண்ணிடம், “அக்கா, உங்க வீட்டுக்காரர் தவறிட்டதா கம்ப்யூட்டர்ல இருக்கு. டெத் சர்ட்டிபிகேட் இருக்கா?” என்றேன்.

அவர் முகம் வெளிறியது. “காலையிலதானே மோட்டார்ல பட்டர்வொர்த் போனாரு! எங்க ஆக்சிடெண்டு?”

பதிவு தவறாக இருக்கும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. வாசலில் நின்றோம். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளாக எங்களைத் தாண்டிப் போனது. கடைசியில் ஒன்று வேலியோரம் நின்றது.

“என்னாச்சுலா?” என்று ஹெல்மெட்டைக் கழற்றினார் அவர் கணவர். அக்கா ஓடிப்போய் அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதார்.

வெட்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் நழுவினேன். பின்னால் அக்காவின் அதட்டல் கேட்டது.

“நில்லு தங்கச்சி! போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ. இது சாவு வீடு இல்ல.”

திரும்பி நின்று சொன்னேன்.

அதன்பிறகு திரை என்ன சொன்னாலும், கதவு திறந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: “ஐயா வீட்ல இருக்காரா?”