புறா சீட்

துறைமுகத்துக்கு எதிரே வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன சிவப்புக் கட்டிடத்தில்தான் எனக்கு அரசு வேலை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன். வெயிலுக்குப் பயந்து கூரையை அவ்வளவு உயரத்தில் வைத்தவன் புறாக்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. உத்தரத்தில் அவை குடும்பம் நடத்தின. நேர் கீழே ஒரு மேசை. அதற்குப் பெயரே புறா சீட். வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதில் உட்காருவோம். எங்களுக்கு வெட்கமெல்லாம் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

அப்போது வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த இடமெல்லாம் தட்டிப்போனதில் அப்பா பாதியாக இளைத்துவிட்டார். கடைசியில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பெண்ணை ஆபீசில் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசைப்பட்டாராம். அப்பா என்னிடம் மூச்சுவிடாமல், ஜன்னலோர மேசை என்று அடையாளம் சொல்லி அனுப்பிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த வாரம் புறா சீட் என் முறை. என் ஜன்னலோர மேசையில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருவர் வந்து, அக்காவிடம் எதையோ விசாரித்துவிட்டு, பூரித்துப்போய்த் திரும்பினார். போகிற போக்கில் என் குடையையும் ஒரு முறை முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றதும் அந்த அம்மாள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொண்ணை வரச் சொல்லுங்க."

"இவதாங்க பொண்ணு," என்றாள் அம்மா.

"ஐயோ, இது ஆபீஸ்ல குடை பிடிச்சிட்டு உக்காந்திருந்த பொண்ணாச்சே! நாங்க பார்த்தது வேற. அது நல்ல கலரு, லட்சணமா இருந்துச்சு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பாவைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்காரவே கூசுகிற மனிதர். இப்போது கெஞ்சப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். அவரே ஒவ்வொருவருக்கும் காபி எடுத்துக் கொடுத்தார்.

"சூடா குடிச்சிட்டுக் கிளம்புங்க," என்றார். "அடுத்த டிரெய்ன் வந்துடும்."