கோலாலம்பூரில் தம்பியின் வண்டில்

அப்பாவின் அகதிக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு எங்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அதனால்தான் அவருடைய அக்காவை, அதாவது என் மாமியை, நாங்கள் கோலாலம்பூரில் போய்ச் சந்தித்தோம். மாமி மன்னாரிலிருந்து வந்தார். நாங்கள் டென்மார்க்கில் கோல்டிங்கிலிருந்து போனோம். எனக்கு எட்டு வயது. தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வருடம்.

விமான நிலையக் கதவு திறந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து புகார் பிடித்துவிட்டது. கோல்டிங்கில் வெளியே இருந்து உள்ளே வந்தால்தான் அப்படி ஆகும். இங்கே எல்லாம் தலைகீழ் என்று நினைத்தேன். தமிழும் அப்படித்தான். அது வீட்டிலும் கோயிலிலும் மட்டும் கதைக்கிற பாஷை என்று நம்பியிருந்தேன். அங்கே தெருவில் நின்று தமிழில் கத்தி வியாபாரம் செய்தார்கள். நான் அம்மாவிடம் சொன்ன இரகசியத்துக்கு, யாரோ ஒரு கிழவர் சிரித்துக்கொண்டு போனார். பச்சை விளக்குக்காக நாங்கள் குடும்பமாகக் காத்து நிற்க, சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு வீதியைக் கடந்தது.

அம்மா மாமியைக் காண்பது அதுதான் முதல் தடவை. குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று எனக்கு இரண்டு பின்னல் போட்டு, கைக்குழந்தையாக இருந்த தம்பிக்குப் புதுச்சட்டை போட்டிருந்தார். மாமி எங்களுக்காகக் காத்திருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தம்பி தன் தள்ளுவண்டிலில் நல்ல நித்திரை. அம்மா வண்டிலைக் கடை வாசலில் நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கோல்டிங்கில் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைகள் பனிக்குளிரிலும் வெளியில்தான் தூங்குவார்கள், தாய்மார் உள்ளே இருந்து கோப்பி குடிப்பார்கள்.

“பிள்ளை எங்க?” என்று மாமி கேட்டார்.

“வெளியில படுக்கிறான், அக்கா. கண்ணாடியால தெரியுது.”

மாமியின் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அங்கத்தைய மழை சொல்லிக்கொண்டு வராது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தார். வண்டிலைக் காணவில்லை.

“மாதாவே!” என்று அம்மா வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா வாகனங்களுக்கு நடுவே ஓடினார். மாமி செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

தம்பி இரண்டு கடை தள்ளி, ஒரு பூக்கடைக்குள் இருந்தான். மழை வந்ததும் பூக்கார அம்மா வண்டிலை உள்ளே தள்ளியிருக்கிறார். அவரது மடியில் சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிவரச் சனம்.

“எவம்மா இவனப் பெத்தவ? தெருவுல போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டியா? போலீஸக் கூப்பிட இருந்தேன்!”

அம்மா தம்பியை வாங்கக் கையை நீட்டினார். அப்போது மாமி முன்னுக்குப் போய் நின்றார்.

“அவ இல்லை. நான்தான் விட்டனான்.”

“வயசு ஆகுது, புத்தி வேணாமா?” பூக்கார அம்மா பிடிபிடியென்று பிடித்தார். மாமி தலை குனிந்து, நனைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா குறுக்கே போக, மாமி அவரது கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்:

“ஏசட்டும், பிள்ளை. அப்ப என்னை ஒருத்தரும் ஏசேல்லை.”

அம்மா மாமியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். தம்பிதான் கிடைத்துவிட்டானே, பிறகு ஏன் அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

மாமிக்கும் ஒரு மகன் பிறந்திருந்தான். போர்க்காலத்தில், எறிகணைகள் விழுகிற செல்லடிக்குள் இடம்பெயர்ந்து போகையில், அவனை ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது மரமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அப்பா இதை எனக்குச் சொன்னது நான் கலியாணம் முடித்த பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பொய் சொல்வது பாவம் என்பது மட்டும்தான். செபமாலை சொல்கிற மாமி இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று கவலையாக இருந்தது. படுக்கப் போகுமுன் முழங்காலில் நின்று, மாமியை மன்னிக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டேன்.