வச்சிரபாகு வரிசையில் நின்ற கதை

வண்டியையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைக் கிண்ணியாவில் பாதை என்பார்கள். அந்தப் பாதையை ஓட்டிய, ஊருக்கெல்லாம் அண்ணன் முறையான அன்ஸார் காக்கா யாருக்கும் முகம் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற ஆள் வெற்றிலை வாங்க விலகினால், திரும்பி வந்து கடைசியில்தான் நிற்க வேண்டும். ஒருமுறை அவருடைய மாமனாரே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து முன்னால் நுழையப் பார்த்தார். மருமகன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். மாமனார் அந்தப் பெருநாளைக்கு அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு விளையாட்டு வாய்த்தது. எழுபத்தெட்டில் துறைமுகத்தில் பழுதாகிக் கிடந்த இங்கிலாந்துக் கப்பலின் எஞ்சினியர் ஒருவர், பொழுது போகாமல் பாதையேறி வந்து பக்கீரின் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருப்பார். அவர்தான் பழக்கிவிட்டார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் இறங்கி நடக்க வேண்டும். வெட்டு விழுமா, தப்புமா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை ஒன்று தீர்க்கும். கப்பலின் பழுது தீர்ந்ததும் கட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். செத்த வீரன் திரும்பி வரலாமா என்று மட்டும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

கதை சொல்லும் பொறுப்பு காக்காவுக்கு. கிழமை முழுக்க ஒரே தண்ணீரில் இக்கரைக்கும் அக்கரைக்கும் அலைந்த மனிதர், வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பக்கீரின் மேசையில்தான் உண்மையாகவே எங்கேயாவது போனார். மலை, பாழுங்கோட்டை, பூதக்குகை என்று போனார். அந்த மேசை கலைந்தால் தான் செத்ததற்குச் சமம் என்றே நினைத்தார்.

முதலில் போனவன் மதயானை. மீன் வியாபாரி றஊபின் மல்லன். முதலை விழுங்கிவிட்டது. றஊப் எவ்வளவோ கெஞ்சினான். "செத்தது செத்ததுதான்" என்றார் காக்கா. றஊப் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு நொண்டிச் சமையற்காரனாகப் புதிதாக ஆடத் தொடங்கினான்.

அடுத்தது வச்சிரபாகு. நகரத்துத் தபால் கந்தோரில் வேலை பார்த்த யோகலிங்கத்தின் வாள்வீரன். தாயக்கட்டையில் ஆகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தது. வீரன் கவசத்தோடு கிணற்றில் விழுந்தான். யோகலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

"எங்கட வச்சிரபாகு போயிட்டார்" என்றார் மனைவி இராசமலரிடம்.

அவள் கந்தோர் ஆள் யாரோ என்று எண்ணிப் பதறினாள். "பெண்சாதி பிள்ளையள்?"

"ஒருத்தருமில்லை."

"தாய் தகப்பன்?"

"ஆரெண்டே தெரியாது."

ஆதரவற்ற மனிதன் படையலில்லாமல் போவதா? எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவைத் தானே செய்வதென்று இராசமலர் முடிவெடுத்தாள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே என்று கேட்டதற்கு, யோகலிங்கம் வெகுநேரம் யோசித்து, "சுட்ட மான்" என்றார். அவள் எங்கேயோ அலைந்து மான் வத்தல் வாங்கி வந்தாள். படைத்ததை உண்ணாத கிண்ணியாக் கூட்டாளிகளுக்கென்று படையலுக்கு முன்பே வேறு சட்டியில் மீன் குழம்பு எடுத்து வைத்தாள். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பரிமாறும்போது உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. றஊப் இரண்டாம் தரமும் சோறு கேட்டான்.

அடுத்த வெள்ளி யோகலிங்கம் தொடங்கினார். "ஒரு முனிவர், ஒரு மூலிகை. ஆளை எழுப்பிவிடலாம்தானே காக்கா?"

றஊப் கோப்பையை ஓங்கி வைத்தான். "அப்ப என்ட மதயானை? முதலைட வயித்துக்க மூலிகை போகாதா? அவன் எழும்பினா நான் இஞ்ச வரமாட்டன்."

"எழும்பாட்டி நானும் வரமாட்டன்" என்றார் யோகலிங்கம்.

காக்காவுக்கு உலகமே இருண்டுபோனது. மறுநாள் பாதையைக் கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமலே ஏறிய பத்துப் பேரையும் வடம் பிடித்து இழுக்க வைத்தார். பாதை முக்கியது, நகரவில்லை. ஏறியிருந்த மாடுகூட அவரைத் திரும்பிப் பார்த்தது.

அப்போது குடையும் கையுமாக வந்து ஏறினாள் இராசமலர். யோகலிங்கம் தூக்கத்தில் உளறி விஷயம் வெளியே வந்துவிட்டது. நடுத்தண்ணீர் வரை பொறுத்திருந்து வாயைத் திறந்தாள்.

"அண்ணை, இல்லாத ஆளுக்கு நான் எட்டுச் செய்திருக்கிறன்."

"பிழைதான் தங்கச்சி."

"அதை விடுங்கோ. சாப்பிட்டாச்சு. இந்த வச்சிரபாகு இருக்கேக்க எத்தினை பேரை வெட்டிச் சாய்ச்சவர்?"

காக்கா நினைத்துப் பார்த்தார். "கொள்ளைக்காரர். கொஞ்சம் பூதங்கள். ஒரு ஆட்டிடையன். இருட்டில பூதமெண்டு நினைச்சு..."

"அந்தாக்களுக்கு ஆர் எட்டுச் செய்தது?"

காக்கா அக்கரையில் வெயிலில் நின்ற வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை தீர்ப்புச் சொன்னார். "எல்லாரும் திரும்பி வரலாம். ஆனா வரிசையில. முதல் செத்தவர் முதல். கிழமைக்கு ஒராள், வெறுங்கையோட."

"பூதங்களுமா?" யோகலிங்கத்துக்கு முகம் சுருங்கிப்போனது.

"அதுகளும் நிண்டுதானே வருகுது."

வரிசை பாதாள வாசல் வரை நீண்டது. மதயானை வந்தான், நொண்டிச் சமையற்காரன் அவனுக்கு ஆக்கிப் போட்டான். வச்சிரபாகுவின் முறை வரும்வரை ஆள் இல்லாமலிருந்த யோகலிங்கத்தின் தலையில், வந்த ஆட்டிடையனைக் கட்டினார் காக்கா. முதலில் முறைத்துக்கொண்டுதான் ஆடினார். ஆனால் இடையனின் ஆடுகளை முன்பு சுட்டுத் தின்றது தாங்கள்தான் என்று ஞாபகம் வந்ததும் ஒரு மாதிரியாகிவிட்டார். மாதக்கணக்காக மலையெல்லாம் அலைந்து இரண்டு குட்டிகளைத் தேடிப் பிடித்தார். வாளைப் பற்றி வாயே திறப்பதில்லை. கந்தோர் விட்டு வரும்போது வழியில் ஆட்டைக் கண்டால் நின்று பார்த்தார்.

எண்பதாம் ஆண்டு மாரிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வரிசை தீர்ந்தது. இராசமலரும் வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யோகலிங்கம், வச்சிரபாகு துறையில நிக்கிறார். ஏத்தட்டா?" என்றார் காக்கா.

யோகலிங்கம் தாயக்கட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "இடையன் எங்க நிக்கிறான்?"

"அதே துறையில. குட்டியளுக்குத் தண்ணி காட்டுறான்."

பக்கீர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். யோகலிங்கத்தின் கண் கலங்கியது.

"இவரைக் கண்டா அவன் பயந்துபோவான் காக்கா. அடுத்த பாதையில வரட்டும்."

அதற்கடுத்த வெள்ளியும் அதையேதான் சொன்னார். யாருக்கும் முகம் பார்க்காத அன்ஸார் காக்கா அந்த ஒரு ஆளுக்கு மட்டும் வரிசையில் இடத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தார்.

"அப்ப நான் செய்த எட்டு வீணாப் போகேல்லை" என்றாள் இராசமலர்.