அறுபத்து மூன்றாம் பொருள்

கல்லூரி ஆசிரியர்களின் பிரதிநிதியாகப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் உட்காருவது, டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி: விசில் நம் கையில் இருக்காது, ஆனால் பஸ் நிற்காவிட்டால் திட்டு நமக்குத்தான். அங்கே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அதற்கு முன் பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையில் நின்றவன். தொழிற்சங்கத் துண்டறிக்கைகளைப் படித்துத்தான் எனக்கு வாக்கியம் எழுதவே வந்தது. என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று கல்லூரி முதல்வர் நாற்காலியில் இருக்கிறார்கள். நான் இன்னும் வாசலில்தான். அதில் வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

ஓட்டு வேட்டை

பல்கலைக்கழகக் கல்விக் குழுத் தேர்தலில் நின்றேன். எந்தப் பாடம், எந்தத் தேர்வு, எந்த வகுப்பு இருக்கும், எது போகும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிற குழு அது. ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் இடங்கள் அதில் சில உண்டு. வேதியியல் துறை செல்வி மேடத்திடம் இதை அரை மணி நேரம் விளக்கினேன். உற்சாகத்தில் மேசையையும் தட்டினேன். கையிலிருந்த பிப்பெட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டு உங்களுக்குத்தானுங்க சார். நீங்க அங்க போயிட்டா ஸ்டாஃப் ரூம் கொஞ்சம் அமைதியா இருக்குமுங்க."

தொடங்கும் முன்பே முடிந்தது

ஜெயித்தேன். முதல் கூட்டத்தில் வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். உள்ளே அன்று முடிவெடுக்க வேண்டிய எண்பது பொருள்கள். பக்கத்து மேசையில் அலுவலகக் கண்காணிப்பாளரின் கோப்பு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'ஒப்புதல் அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று அப்போதே அச்சாகியிருந்தது. கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இது என்ன நியாயம் என்று அவரிடமே கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை: "கூட்டம் முடிஞ்சு டைப் பண்ண உக்காந்தா நான் எப்பங்க ஊட்டுக்குப் போறது?"

என் வாழ்நாள் உரை

அந்தச் சூட்டிலேயே ஒன்பதாம் பொருளில் எழுந்தேன். ஆசிரியர்களைக் கேட்காமலே ஆசிரியர்களின் முடிவை எழுதி வைப்பது எந்த ஊர் ஜனநாயகம் என்று ஆரம்பித்து, இருபது நிமிடம் பேசினேன். மேசைகளைத் தட்டினார்கள். துணைவேந்தரே தலையசைத்தார். நான் முடித்ததும், உறுப்பினரின் உணர்வு பதிவு செய்யப்பட்டது, நேரமாகிவிட்டதால் மீதிப் பொருள்கள் மொத்தமாக ஏற்கப்படுகின்றன என்று அறிவித்தார். நான் கைகுலுக்கல்களை வாங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் புத்தகத்தைப் புரட்டினேன். அறுபத்து மூன்றாம் பொருள், எங்கள் கல்லூரியின் மதிய நேர பி.காம். வகுப்பை மூடி மாணவர்களைக் காலை வகுப்பில் சேர்ப்பது. பக்கத்தில் இருந்த இன்னோர் உறுப்பினர், அவிநாசிக்காரர் பழனிசாமியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "பேச்சு அருமைங்க சார். இதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமுங்க."

முத்துலட்சுமியின் யோசனை

மதிய வகுப்பில் முக்கால்வாசி கம்பெனிப் பிள்ளைகள். முத்துலட்சுமியின் குடும்பம் தென்காசிப் பக்கமிருந்து வந்தது. காலையில் பனியன் செக்கிங், மதியம் படிப்பு. வகுப்பு காலைக்குப் போனால் அவள் படிப்பு அதோடு சரி. நடந்ததை மறைக்காமல் வகுப்பில் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவேன் என்றும் சொன்னேன். அவள் எழுந்தாள்: "நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதுதான சார் இது போச்சு? இந்தத் தடவ பேசாம இருந்து பாருங்களேன்."

கை தூக்கிய நாள்

ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அடுத்த கூட்டம் உறுதி செய்தால்தான் அது செல்லும். அதைத்தான் முதல் பொருளாக வைப்பார்கள். யாரும் படிப்பதில்லை. நான் உறுப்பினர்களைத் தேடிக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். கையில் நான்கே வரித் துண்டறிக்கை. அவ்வளவு சிறியதை நான் எழுதியதே இல்லை.

"போன கூட்டக் குறிப்பை உறுதி செய்யலாமா?" என்றார் துணைவேந்தர். எழுந்து, "திருத்தம். அறுபத்து மூன்றாம் பொருள் விவாதிக்கப்படவில்லை" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஆதரவாகப் பழனிசாமி கை தூக்கினார். ஜன்னலோரம் மூன்று கைகள். திரும்பிப் பார்த்தால், எண்ண முடியாத அளவுக்குக் கைகள். எத்தனையோ ஊர்வலங்களில் போயிருக்கிறேன், ஆனால் உடம்பு அப்படிச் சிலிர்த்தது அன்றுதான்.

பொருள் எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் கருத்துக்குத் திரும்பி வந்தது. வகுப்பு வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்திட்டு எழுதினோம். அடுத்த கூட்டத்தில் மூடும் யோசனையைக் கைவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் அறிவித்துவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றேன். முத்துலட்சுமி கேட்டாள்: "அப்ப வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்கா சார்?"

முப்பது வருடம் முழங்கியவன் உருப்படியாக ஜெயித்தது ஒரே வரி சொல்லி உட்கார்ந்த அன்றுதான் என்பதைச் சங்க வரலாற்றில் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.