கழலாத குழல்

புத்தளத்தில் துவக்குத் திருத்த அனுமதி பெற்ற பட்டறை என்னுடையது. காட்டுப்பன்றி விரட்டும் கமக்காரர்களின் ஒற்றைக்குழல் துவக்குகள்தான் பெரும்பாலும் வரும். ஒருநாள் உடப்பிலிருந்து ஒரு விளையாட்டு டீச்சர், இலக்குச் சுடும் போட்டித் துவக்கு ஒன்றோடு வந்தார். அது அவருடைய சங்கத்துக்குச் சொந்தமானது. அனுமதிப் பத்திரம், சங்கத்தின் கடிதம், புதிய குழல் ஒன்று, எல்லாம் கையில் இருந்தன.

“வருசக் கணக்குக்குச் சங்கம் புதுக் குழல் தந்திருக்கு. பழைய குழலைக் கழட்டிப் புதுசு போட வேணும், நானா. கொழும்பில ரெண்டு இடத்தில காட்டினம். கழட்டேலாதாம், அறுத்துத்தான் எடுக்க வேணுமாம்.” எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கடற்காற்றுப் பட்டு உள்ளே முழுக்கக் கறள் அரித்திருந்தது. இதில் நேராகச் சுடவே முடியாது. அதைச் சொன்னபோது அவர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒரு வருசமா என்ட கைதான் நடுங்குது எண்டு நினைச்சிட்டிருந்தன். சங்கத்தில எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. டீச்சருக்கு வயசு போயிட்டுது எண்டு.”

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டிக்கு மூன்று கிழமைகள் இருந்தன. கழற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இத்தகைய துவக்கில் குழலின் அடிப்பக்கம், துவக்கின் உடலுக்குள் திருகாணிபோலப் புரியாக இறங்கி இறுகியிருக்கும். குழலை அசையாமல் பிடிக்க ஓர் இறுக்கி வேண்டும், உடலைப் பிடித்துத் திருப்ப ஒரு சாவி வேண்டும். இரண்டும் வெளிநாட்டில் விற்கிறார்கள். என்னிடம் இருந்தது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மேசை வைஸ் மட்டும்தான். இரண்டு முதிரைக் கட்டைகளைக் குழலின் பருமனுக்குக் குடைந்து, இடையில் குழலை வைத்து இறுக்கித் திருப்பினேன். குழல் கட்டைக்குள்ளேயே சுற்றியது. கட்டை கருகி மணந்தது. புரி அசையவில்லை.

காஸ் சுவாலையில் சூடாக்கினால் இளகும் என்று பக்கத்து வெல்டிங் கடைக்காரர் சொன்னார். இளகலாம்தான். ஆனால் தோட்டா வெடிக்கும்போது அதைத் தாங்க வேண்டிய உடலின் இரும்பு பலம் இழந்துவிட்டால், அந்தத் துவக்குக்குப் பின்னால் கன்னம் வைத்துப் படுத்துச் சுடப்போவது டீச்சர்தான். நான் சம்மதிக்கவில்லை.

பழைய ட்ரக்டர் ஒன்றின் தடித்த இரும்பை வெட்டி, லேத்தில் கடைந்து, இரண்டு பாதியாக ஓர் இறுக்கி செய்தேன். நான்கு தடித்த போல்ட் போட்டேன். குழலுக்கும் இரும்புக்கும் நடுவே அலுமினிய உறை. உடலைப் பிடிக்கும் சாவிக்கு உட்புறம் பித்தளைத் தகடு, தழும்பு விழாமல் இருக்க. அதற்கே எட்டு நாள் போயிற்று. புரி இளகவென்று மூன்று நாளாக எண்ணெயும் விட்டு வைத்தேன். பிறகு இறுக்கித் திருப்பினால், மறுபடியும் குழல் வழுக்கியது.

அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். அலுமினியத்தில் எண்ணெய் மினுங்கியது ஞாபகம் வந்தபோதுதான் பிழை பிடிபட்டது. புரிக்கு நான் விட்ட எண்ணெய்தான் கசிந்து வந்து பிடியை வழுக்க வைத்திருந்தது.

மறுநாள் பள்ளிவாசல்துறைக்குப் போய், மரவள்ளம் திருத்தும் ஓடாவியிடம் ஒரு பிடி குங்கிலியம் கேட்டேன். அவர் சிரித்தார். “வள்ளத்துக்கு ஓட்டை அடைக்கிற சாமான் துவக்குக்கு என்னத்துக்கு?”

“வழுக்காமப் பிடிக்க.”

குழலையும் உறையையும் பெற்றோல் போட்டுத் துடைத்துக் காய வைத்தேன். குங்கிலியத்தை மாவாக இடித்து இரண்டிலும் பூசினேன். பாடசாலை விட்டு டீச்சரும் வந்து சேர்ந்தார். நான்கு போல்ட்டையும் மாறி மாறி இறுக்கி, சாவியின் கைப்பிடியில் நீளமான குழாயொன்றை மாட்டினேன்.

“உடைஞ்சா?” என்றார்.

“உடையாது, டீச்சர். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

பிஸ்மில்லாஹ் சொல்லி முழுப் பாரத்தையும் கொடுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். இருவரும் குனிந்து பார்த்தோம். உடல் ஒரு நெல்மணி அளவு திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு கையாலேயே கழன்று வந்தது. புரியில் ஒரு பல்லும் சேதமில்லை. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய குழலின் உறையை அவிழ்க்கத் தொடங்கினார்.

குழலைப் பொருத்தி, தோட்டா அமரும் இடைவெளியை அளவுகோல் வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். அந்தச் சனிக்கிழமை சங்கத்தின் சுடுதளத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். முதல் சில வெடிகள் இடப்பக்கம் போயின. குறியைத் திருத்திக்கொண்டு டீச்சர் ஐந்து வெடி வைத்தார். கடதாசியைக் கொண்டுவந்து, ஐந்து துளைகளையும் பெருவிரலால் மூடிக் காட்டினார். வயது போனது என்று சொன்னவர்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெரிவுப் போட்டியன்று பின்னேரம் டீச்சரிடமிருந்து போன் கோல் வந்தது.

“ஒரு இடத்தால தவறிட்டுது, நானா.”

“துவக்கில ஏதும்...?”

“இல்ல, இல்ல. துவக்கு அச்சொட்டா இருக்கு. கடைசி ரெண்டு வெடியும் நான் அவசரப்பட்டது. இந்தமுறை என்ட பிழைதான் எண்டு நல்லாத் தெரியும். அதால பயமில்ல.”

“இனி என்ன செய்யப் போறீங்க?”

“என்ன செய்யிற? திங்கக்கிழமை திரும்பத் தொடங்க வேண்டியதுதான்,” என்றார்.