முப்பது நோன்புக்குக் கிடைத்த பீங்கான்

மாமா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், அவர் ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்த படத்துக்குப் பக்கத்தில், நீலப்பூப் போட்ட சாப்பாட்டுப் பீங்கான் ஒன்று நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வயதில் முப்பது நோன்பையும் பிடித்த பிள்ளை என்று பள்ளிவாசலில் எனக்குக் கொடுத்த பரிசு அது. பட்டினி கிடந்ததற்குச் சோறு தின்னும் பீங்கானைக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. அதில் நான் சாப்பிட்டதில்லை. வெகுகாலம்வரை தொட்டதுகூட இல்லை. பரிசு என் பெயரில் இருந்தது, பீங்கான் மாமாவிடம் இருந்தது.

வாப்பா கட்டாரில் வேலை செய்ததால், நானும் உம்மாவும் தில்லையடியில் உம்மா நானா என்று கூப்பிடும் அண்ணனுடைய வீட்டில்தான் இருந்தோம். அந்த நானாதான் நான் சொல்லும் மாமா. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். எதுவும் நல்லபடி முடிந்தால் அது தன்னால் என்பார், கெட்டால் அப்பவே சொன்னேன் என்பார். இந்த இரண்டு வசனங்களை வைத்தே ஒரு மனிதர் ஊரில் பெரிய ஆளாக முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நான் கதிரையில் இருக்கத் தெரியாத பெண்பிள்ளை. கணக்கில் பாதியை எழுதிவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா, இது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மாதம் ஒருமுறை நிறை, உயரம், இதயத் துடிப்பு மூன்றையும் பார்க்க வரவேண்டும். அரைகுறைத் தமிழில் உம்மாவிடம் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "முதல் சாப்பாடு, பிறகு மாத்திரை. இந்த மாத்திரை பசியைத் திங்கும்."

மாமா அதைப் போதை மாத்திரை என்றார். ஆனால் இரண்டு கிழமையில் நான் முதல் தடவையாக ஒரு கணக்கைத் தொடங்கி அதன் முடிவுவரை போய்ச் சேர்ந்தேன். தெருவில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது, கேட்டும் நான் எழுந்து ஓடவில்லை. அந்தச் சந்தோஷத்தை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. புள்ளிகள் ஏறின. உடனே மாத்திரை போதை இல்லாமற் போய், எல்லாம் மாமாவின் துஆவால் நடந்ததாக மாறியது. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது என்று மாத்திரைப் போத்தலையும் அவரே தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அந்த வருடம் பரீட்சைக்கு முன்னால் நோன்பு வந்தது. சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் முப்பதையும் பிடிக்கும் பிள்ளை தன் வீட்டில் இருந்தால் பள்ளிவாசலில் அவருக்குத்தானே மதிப்பு! காலை மாத்திரையை, விடியுமுன் ஸஹருக்குச் சோறு வைப்பதற்கு முன்பே விழுங்க வைத்தார். மதிய மாத்திரை நோன்பு திறந்தபின் பாடம் படிப்பதற்கென்று இரவுக்கு மாறியது. ஸஹரில் சோறு இறங்கவில்லை. மாலையில் கஞ்சி அரைக் கோப்பையோடு சரி, இரவில் நித்திரையும் இல்லை. மாத்திரை தின்றது போக மீதிப் பசியை நான் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் வருகிறவர்களெல்லாம் பசி தெரியாத பிள்ளை என்று என் தலையைத் தடவினார்கள். அந்த மாதத்துக் கிளினிக் நாளன்று, என்னைக் கூட்டிப் போகட்டுமா என்று உம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நோன்போட எதுக்கு ஆஸ்பத்திரி? அல்லாஹ்ட காவல் இரிக்கி புள்ளக்கி" என்று மாமா முடித்துவிட்டார். அவருடைய வீட்டில் இருந்துகொண்டு உம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

நோன்புக்கு முன் அளவெடுத்துத் தைத்த பெருநாள் சட்டை, பெருநாளன்று தோளிலிருந்து வழுகியது. உம்மா இரண்டு பக்கமும் ஊசி குத்தி விட்டார். தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பெயர் கூப்பிட்டார்கள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். நெஞ்சு படபடவென்று அடித்தது. பீங்கானை வாங்கக் கையை நீட்டியபோது முழங்கால் மடங்கியது. மாமா பாய்ந்து பிடித்தார், பீங்கானை. நான் மணலில் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தபோது டொக்டர் அம்மா பழைய அட்டையைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், மாத்திரை கொடுத்த நேரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, மருந்தில் பிழையில்லை, கொடுத்த விதம்தான் பிழை, நிறை கூடியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம் என்றார். மாமா விடவில்லை. "நான் அப்பவே சொன்னேன், அது போதை மாத்திரை எண்டு" என்று போத்தலைக் குப்பையில் போட்டார். பரீட்சையில் தோற்றேன். பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு முறை தோற்றேன். வீட்டுக்குள்ளேயே மொக்குப் பிள்ளை என்ற பெயரோடு வளர்ந்தேன். இருபத்தாறாவது வயதில் நானே கிளினிக் தேடிப் போனேன். இப்போது காலை உணவுக்குப் பிறகு ஒரு மாத்திரை எடுக்கிறேன், நிறையும் துடிப்பும் பார்க்கிறேன், நில அளவை அலுவலகத்தில் நாள் முழுக்க இருந்து வரைபடம் வரைகிறேன். மாமாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போன நோன்பில் ஒரு பகல், உம்மா கொடுத்துவிட்ட சாமானோடு மாமா வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திரைகளெல்லாம் இழுத்து மூடியிருந்தன. சீனி வியாதிக்காரரான மாமா உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தார். சோற்றுக்கு வெளியே அந்தப் பீங்கானின் நீலப்பூக்கள் தெரிந்தன. என்னைக் கண்டதும் கொஞ்சம் நெளிந்தார்.

"நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை இரிக்கி மகள். வெறும் வயித்தோட மருந்து குடிக்கப்படாது."

"ஓம் மாமா" என்றேன். "முதல் சாப்பாடு, பிறகு மாத்திரை."

நல்ல புத்தி சொன்னேன் என்பதுபோல் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சட்டியில் இருந்து இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொல்லிப் பீங்கானை நீட்டினார். இத்தனை வருடத்தில் அது என் கைக்கு வந்தது அப்போதுதான்.