ஆயிஷா டீச்சர் மெயினை அணைத்த காலை

போன செவ்வாய்க்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஆயிஷா டீச்சரின் தம்பி அழைத்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அன்னவாசல் பள்ளியில் அவரோடு பணியாற்றி, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு அவர் கண்டிப்பான இயற்பியல் ஆசிரியை. எனக்கோ, சென்ற ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தை ஜிப்சம் பலகையால் தடுத்து அப்பாவுக்கு அறை அமைத்திருந்தோம். நுரையீரல் கெட்டுப்போன அவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் கூரை ஒழுகி, தடுப்பில் ஓரிடம் ஊறி உப்பிவிட்டது. அதை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்த, தன் வீட்டில் அந்த வேலையைச் செய்து பழகிய டீச்சரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் வந்தபோது ரம்பமும் கையுமாக நின்றிருந்தேன்.

"ரம்பத்தைக் கீழ வைங்க டீச்சர். உள்ள வயர் எங்கிட்டுப் போகுதுன்னு தெரியுமா?" என்றார். ஆசிரியையான என்னையும் அவர் டீச்சர் என்றே அழைப்பார்.

தெரியாது என்றேன். டெஸ்டரை ஈரத்தில் வைத்தார். அதன் விளக்கு எரிந்தது; ஈரச் சுவரில் மின்சாரம் பாய்ந்திருந்தது. தடுப்பின் மறுபக்கம், அப்பா கட்டிலிலிருந்து எழ முயல்வது வாசல் வழியே தெரிந்தது. எழும்போது அந்தச் சுவரில்தான் அவர் எப்போதும் கை ஊன்றுவார்.

"ஐயா, சுவத்தைத் தொடாதீங்க!" என்று கத்தினார் டீச்சர். அப்பாவுக்குக் காது மந்தம்.

"மெயின் எங்க?"

"அணைச்சா மெஷின் நின்னுருமே டீச்சர்! சிலிண்டரும் நெரப்பப் போயிருக்கு."

"மூச்சுக்கு ரெண்டு நிமிஷமாவது இருக்கு. கரண்ட் அடிச்சா அதுவும் இல்ல."

மெயினை அணைத்துவிட்டார். மெஷின் அலறி ஓய்ந்தது. நான் ஓடி அப்பாவைத் தாங்கிக்கொண்டேன். டீச்சர் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அப்பாவின் உதடு கறுத்தது; என் கையை இறுக்கிப் பிடித்தார். டீச்சர் அங்கிருந்து ஜன்னல் வழியாக இழுத்துவந்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒரு முழம் எட்டவில்லை. மெஷினையே ஜன்னலோரம் தள்ளிச் சொருகினார். அது உறுமத் தொடங்கிய பிறகு அப்பாவின் மூச்சு மெல்லச் சீரானது.

பலகையை வெட்டிப் பார்த்தபோது, ஒரு திருகு வயரைக் குத்திக்கொண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் வயரை மாற்றி, கொத்தனார் கூரையை அடைத்து, எல்லாம் காய்ந்தபின் டீச்சர் மறுபடி வந்தார். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, பின்னால் மரச்சட்டம் கொடுத்து, புதுத்துண்டை முடுக்கி, இணைப்பு தெரியாதபடி டேப் ஒட்டிப் பட்டி பூசினார். உப்புத்தாளால் தேய்க்கையில், "அன்னைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம? ஐயாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நாந்தானே கொன்னவ. அது தெரிஞ்சுதான் மெயின்ல கையை வச்சேன்."

செவ்வாயன்று அப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். "நாந்தானே மொதல்ல போயிருக்கணும்" என்றார்.

பழி தன்மேல்தான் விழும் என்று தெரிந்தும் ஆயிஷா டீச்சர் தயங்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான். அவர் அளவுக்கு எனக்கு அது வருமா என்று தெரியவில்லை.